நூற்றெட்டுக் குடமும் ஓர் அடுப்பும்

பட்டாபிஷேகம் பாதியில் நின்றுவிட்டது. காரணம், தண்ணீர்.

நெடுங்காலத்துக்கு முன்னே செங்கழனி நாட்டை ஆள வந்தான் மகரபூபதி என்று ஒருவன். தை மாதப் பனி. நூற்றெட்டுக் குடம் ஆற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றித்தான் கிரீடம் வைப்பது அந்த நாட்டு முறை. முதல் குடத்தில் விரலை விட்டான். மணையை விட்டு எழுந்துவிட்டான்.

"கொளஞ்சி! அடுப்பை மூட்டு. ஒரு குடம் வெந்நீர் போதும்."

கொளஞ்சி அரண்மனையில் வெந்நீர் போடுகிறவள். சுள்ளியை எடுத்தாள்.

"மூட்டினால் இன்றோடு உனக்கு வேலை போச்சு!" என்றார் ராஜகுரு மார்க்கசகாயர். "பச்சைத் தண்ணீர்தான். ஒரு குடம் குறைந்தாலும் கிரீடத்தைத் தொட மாட்டேன்."

"மூட்டாவிட்டால் இப்போதே போச்சு!" என்றான் ராஜா.

முகூர்த்தம் முடிய மூன்று நாழிகை. கொளஞ்சிக்கு எரிச்சல் வந்தது.

"சாமி, முறைன்னா முழு முறைதானே?"

"மயிரிழை பிசகக் கூடாது."

"போன பட்டாபிஷேகத்துக்கு என் மாமியார்தான் குடம் விளக்கினாங்க. உங்க அப்பா நூத்தெட்டையும் தன் தலையில் சுமந்து வந்தாராம். இதெல்லாம் மாட்டுவண்டியில் வந்ததாச்சே. செல்லுமா?"

ராஜகுரு வண்டியைப் பார்த்தார். ஏற்பாடு அவருடையது.

"செல்லாது! இவரும் தலையில் சுமக்கட்டும்!" என்று துள்ளினான் ராஜா.

ஆறு அரண்மனைக்குப் பின்னால்தான். நாற்பது படி. முதல் குடம் வந்தது. இரண்டாவது பாதிதான் வந்தது. மூன்றாவது ராஜகுருவின் மேலேயே கவிழ்ந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "ஒழிந்தது பழைய முறை! குளியலே வேண்டாம். கிரீடத்தைக் கொண்டா!"

"ஆகட்டும் மகாராஜா. மூத்த பிள்ளைக்குத்தான் சிம்மாசனம்னு சொல்றதும் பழைய முறைதான். அதையும் ஒழிச்சிடலாமா?" என்றாள் கொளஞ்சி.

பக்கத்தில் நின்ற ராஜாவின் தம்பி மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றினான்.

ராஜா சட்டென்று மணையில் உட்கார்ந்தான்.

"சாமி, வண்டி செல்லும்னா அடுப்பும் செல்லும்" என்றாள் கொளஞ்சி.

"செல்லும், செல்லும்" என்றார் ராஜகுரு, பல் கிடுகிடுக்க. "எனக்கும் ஒரு சொம்பு வை."

வண்டியில் வந்த குடம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி. நூற்றெட்டுக் கரண்டியும் ஒரே அண்டாவில். அடியில் நெருப்பு. குளியல் முடிந்து, முகூர்த்தம் தப்பாமல் கிரீடம் ஏறியது.

கல்தச்சன் உளியோடு வந்தான். "பட்டாபிஷேகத்தை நடத்திவைத்தது யார் என்று கல்லில் வெட்டட்டும்?"

ராஜகுரு வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

ராஜா சொன்னான்: "கொளஞ்சி."