வெந்நீர்ச் சுனையில் கடைசி ஆள்

அந்த மலை மடத்தில் ஒரு வெந்நீர்ச் சுனை உண்டு. சாயங்காலம் ஆனால் ஊர்க்காரர்களும் துறவிகளும் படியில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் முதுகைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பிறகு கழுத்துவரை சுடுநீரில் இறங்கிவிட்டால், அரசனே கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார்கள். சுனையில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கக்கூடாது. அது அங்கே வழக்கம்.

கொற்றவேலர் முன்பு படைத்தலைவர். தன்னைவிட வயதில் இளையவரான குருவிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். முதுகைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. யார் பின்னால் வந்தாலும் கை இடுப்புக்குப் போகும், அங்கே வாள் இல்லாவிட்டாலும்.

சுனையில் மட்டும் அப்படியில்லை. இவருக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் உட்காரும் பூவாண்டி என்ற கிழவர் இவர் முதுகில் கை வைத்தால் போதும், சொக்கிப்போவார். அந்தக் கைக்கு அப்படி ஒரு பதம்.

ஒருநாள் குருவிடம் கேட்டார்.

"சாமி, குருந்தங்காட்டைக் கொளுத்தச் சொன்னது நான்தான். அந்த ஊர் ஆள் யாராவது என்னைப் பார்த்தா என்ன செய்வாங்க?"

"இன்னைக்கு நீங்க கடைசியில உட்காருங்க," என்றார் குரு.

கொற்றவேலர் இடம் மாறிப் பூவாண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்த முதுகை அன்றுதான் பார்த்தார். தோள் முதல் இடுப்புவரை தோல் வெந்து சுருங்கியிருந்தது. அவருக்குச் சுனை வழக்கமே மறந்துபோயிற்று.

"பெரியவரே, நீங்க எந்த ஊர்?"

"குருந்தங்காடு. பொண்ணைத் தூக்கிட்டு வர உள்ள போனேன். அதுக்குள்ள கூரை விழுந்துடுச்சு. அவ கிடைக்கல. நீங்க அழுத்தித் தேய்ங்க, இப்ப வலிக்காது."

தேய்த்தார். எப்படித் தேய்த்தார் என்று அவருக்கே தெரியாது.

"போதும். திரும்புங்க, உங்க முறை," என்றார் பூவாண்டி.

கொற்றவேலர் திரும்பவில்லை. ஈர உடம்போடு எழுந்து குருவிடம் போனார்.

"சாமி, நான் யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"நீங்க வந்த அன்னைக்கே தெரியும். உங்களுக்குப் பின்னால உட்காரணும்னு அவரேதான் கேட்டார். துண்டுக்குள்ள கத்தி இருந்ததை மறுநாள்தான் சொன்னார். என்கிட்ட கொடுத்துட்டுப் போனார்."

"அப்புறம் ஏன் குத்தல?"

"முதுகுல கை வெச்சதும் நீங்க தூங்கிட்டீங்களாம்."

கொற்றவேலர் சுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போங்க," என்றார் குரு. "கையில சீயக்காயோட உட்கார்ந்திருக்கார்."