சடைச்சி கொடுத்த இலுப்பைக்காடு

முன்னொரு காலத்துல கொன்றையூர்ச் சீமையை வல்லபராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனா காலையில சொன்னது சாயங்காலம் அவருக்கே ஞாபகம் இருக்காது. ஒருநாள் வேட்டைக்குப் போனவர், மலையடிவாரத்துல சடைச்சிங்கற பொம்பளையோட இலுப்பைக்காட்டுல இளைப்பாறினார். "அடடா, என்ன நிழல்! நம்ம அரண்மனைக் காடு இதோட கால்தூசி பெறுமா?"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டார். அந்தக் குளிர்ச்சியிலேயே, சொந்தக் காடு வச்சிருக்கிறவங்களுக்கு மரத்தைப் பராமரிக்க ஆளும் கோடாலியும் கூலியும் அரண்மனை தரும்னு தண்டோராவும் போடச் சொன்னார்.

அரண்மனைக் காட்டுக்குப் பொறுப்பு வனாதிகாரி திருமேனிநாதர். ராஜா சொன்ன அந்த ஒரு வார்த்தையில அவருக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

அடுத்த வருஷமே சடைச்சி காட்டுல புல்லுருவி ஏறிருச்சு. மரத்து மேலேயே முளைச்சு மரத்தையே உறிஞ்சற சனியன் அது. அதோட பழத்தைக் குருவி தின்னுட்டு அடுத்த கிளையில எச்சம் போட்டா, அங்கேயும் ஒண்ணு முளைக்கும். பழுக்கறதுக்குள்ள பிடிச்ச கிளையெல்லாம் வெட்டியாகணும். ஒத்தப் பொம்பளை எத்தனை மரத்துல ஏறுவா? தண்டோராவை நம்பி அரண்மனைக்கு ஓடினா.

"உதவி வேணும்னா திட்ட ஓலை கொண்டா. எத்தனை மரம், எதை வெட்டணும், எதை விடணும்னு அரண்மனை அளவுகாரர் பார்த்து முத்திரை வச்சிருக்கணும்"னார் அதிகாரி.

"அளவுகாரரை அனுப்புங்க சாமி."

"திட்ட ஓலை உள்ள காட்டுக்குத்தான் அவர் வருவார்."

"அவர் வந்தாத்தானே சாமி ஓலை எழுத முடியும்?"

"அது உன் பாடு."

மூணு தடவை நடந்தா. மூணு தடவையும் அதே பதில். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் இன்னும் பத்துப் பதினஞ்சு மரம் பட்டுப்போய் நின்னுச்சு. எல்லாம் அவ அப்பன் காலத்து மரங்க. அடியில உட்கார்ந்து அழுதா. அழுதா புல்லுருவி உதிர்ந்துருமா? இந்தக் காடு தன் கையில இருக்கிற வரைக்கும் பிழைக்காதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது தெரிஞ்சதுல இருந்து அவளுக்குச் சோறு இறங்கல.

நாலாந்தடவை நேரா சபைக்குள்ளேயே போயிட்டா. கையில தாம்பாளம். அதுல வெத்தலை பாக்கு, ஒரு கைப்பிடி மண்ணு. அந்தச் சீமையில, வெத்தலையோட மண்ணை ராஜா கையால வாங்கினா அந்த நிலம் அவருக்கு. வாங்கினதை அவர் திருப்பித் தரவும் கூடாது, தந்தா வம்சத்துக்கே ஆகாதுன்னு வழக்கம்.

"மகாராசா, என் இலுப்பைக்காட்டைக் காணிக்கையா வாங்கிக்கிடணும்."

ராஜா யோசிச்சார். அதிகாரிக்கோ வாயெல்லாம் பல். காடு அவ கையை விட்டுப் போனாப் போதும் அவருக்கு! "தங்கமான காடு மகாராஜா, தயங்காம வாங்கிக்கோங்க"ன்னு முந்திக்கிட்டார். ராஜா கையை நீட்டி வாங்கினார். சடைச்சி வெறும் தாம்பாளத்தைக் கீழே வச்சா.

"இப்ப அது உங்க காடு மகாராசா. உங்க காடு செத்துக்கிட்டு இருக்கு. எல்லாம் புல்லுருவி. பத்து நாள்ல பழுத்துரும்."

"என்னது! திருமேனிநாதரே, நாளைக்கே ஆளை விட்டு வெட்டும்!"

"மகாராஜா, அதுக்குத் திட்ட ஓலை வேணும்..."

"எழுதும்."

"அளவுகாரர் பார்த்தாத்தான் எழுத முடியும்..."

"அனுப்பும்!"

"ஓலை இல்லாத காட்டுக்கு அவர் போகக்கூடாதுன்னு சட்டம்..."

"எந்த மடையன் போட்ட சட்டம் அது?"

சபையே அதிகாரியைத் திரும்பிப் பார்த்துச்சு. யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. "நான் மூணு தடவை வந்தப்பவும் இதையேதான் சொன்னார் மகாராசா"ன்னா சடைச்சி.

"ஓகோ! இதைச் சொல்லித்தான் இந்தம்மாவை அலையவிட்டீரா?"ன்னு ராஜா எழுந்துட்டார். "பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டும். நாளைக்கு முதல் மரத்துல நீர்தான் ஏறுறீர்! இனிமே யாரு கேட்டாலும் அன்னைக்கே அளவுகாரர் போவார், பின்னாலயே கோடாலிக்காரங்களும் போவாங்க." அப்புறம் சடைச்சி பக்கம் திரும்பினார். "பலே! ராஜாவையே வேலை வாங்கிட்டியே! என்ன வேணும், கேளு."

"காடு வேணும் மகாராசா."

"அது மட்டும் என்னால முடியாதேம்மா"ன்னார் ராஜா.

"தெரியும் மகாராசா. தெரிஞ்சுதான் கொடுத்தேன். நீங்க கேட்டதும் வாய்தவறி வந்துருச்சு."

பட்டுச்சேலையும் தங்கக் காப்பும் கொடுத்து அனுப்பினாங்க. அதிகாரி முட்டி சிராய்ச்சு மரம் ஏறினதை ஊரே பார்த்துச் சிரிச்சுது. கிளையெல்லாம் வெட்டி முடிஞ்சு காடு பிழைச்சுது. அந்தச் சீமையில இன்னும் எத்தனையோ பேரோட காடும் அவளால பிழைச்சுது.

பங்குனியில இலுப்பை பூத்துச்சு. ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தவ, பழக்கதோஷத்துல குனிஞ்சு மடி நிறையப் பூப் பொறுக்கிட்டா. புதுசா வந்த காவல்காரன் கம்போட ஓடிவந்தான்.

"ஏம்மா, இது ராஜா காடுன்னு தெரியாதா?"

"தெரியும்பா"ன்னு சொல்லி, மடியை அவிழ்த்து அத்தனையையும் மரத்தடியிலேயே கொட்டிட்டு, சடைச்சி வீட்டைப் பார்த்து நடந்தா.