சுருண்ட யானை சோபா

கொன்றையூர் சமஸ்தானத்தில் நாச்சம்மை என்று ஒருத்தி இருந்தாள். அரண்மனைக்கு வேண்டிய நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் அவள் கற்பனையில்தான் பிறக்கும். ராஜா வீரகேசரிக்கு அவள்மேல் பிரியம். திவான் சேஷாத்ரிராயருக்கோ அவளைக் கண்டாலே ஆகாது. அவருடைய மைத்துனன் சீமை நாற்காலி விற்ற பிழைப்பில் அவள் வந்த பிறகுதான் மண் விழுந்தது.

ஒரு சமயம் அவள் புதுமாதிரியாக ஒரு சோபா செய்தாள். அதற்குக் காலும் இல்லை, கையும் இல்லை, மரச்சட்டமும் இல்லை. உள்ளே முழுக்க இலவம்பஞ்சு, மேலே சுருக்கம் சுருக்கமாகச் சாம்பல் நிறத் தோல். யானைக்குட்டி படுத்துக் கிடப்பதுபோல் இருந்ததால் 'சுருண்ட யானை' என்று பேர் வந்தது. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று பக்கத்து ராஜாக்கள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள்.

அதிலேதான் வினையும் வந்தது. ஒருநாள் ராஜா கொலுமண்டபத்துக்குள் நுழைந்தபோது, சோபாவில் இருந்த சேனாபதியும் ஆஸ்தானப் புலவரும் எழுந்திருக்கவில்லை. சேனாபதி பாதிவரை எழும்பி மறுபடி உள்ளே போனார். புலவர் அதற்குக்கூட முயலவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டார். காவலர்கள் வந்துதான் இருவரையும் தூக்கி நிறுத்தினார்கள்.

ராஜாவின் முகம் சிவந்தது.

"இது ராஜத்துரோகம், மகாராஜா. இப்படி ஒன்றைச் செய்தவளை நாடு கடத்த வேண்டும்" என்றார் திவான்.

நாச்சம்மையை வரவழைத்தார்கள். அவள் வந்து கும்பிட்டு நின்றாள்.

"தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன், மகாராஜா. ஆனால் தாங்கள் இதில் ஒருதரம்கூட உட்காரவில்லையே. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமா?"

ராஜா உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட அமிழ்ந்தார் என்றே சொல்லலாம். முழங்கால் மேலே வந்தது, தலைப்பாகை ஒருபக்கம் சாய்ந்தது. இத்தனை வருஷம் சிம்மாசனத்தில் நொந்துபோன இடமெல்லாம் "அப்பாடா" என்றது.

"தீர்ப்பு, மகாராஜா" என்றார் திவான்.

"சொல்கிறேன்."

"நம் சமஸ்தானத்தில் தீர்ப்பை எழுந்து நின்றுதான் சொல்வது வழக்கம்" என்று நாச்சம்மை பணிவாக ஞாபகப்படுத்தினாள்.

ராஜா ஒருமுறை முயன்றார். பிறகு, "என்ன அவசரம்? நாடு எங்கே ஓடிப்போகிறது?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெயில் ஏறியது. நின்றுகொண்டிருந்த திவானுக்குக் கால் கடுத்தது.

"பாவம், திவான் ஐயா எவ்வளவு நேரம் நிற்பார்? பக்கத்தில் இடம் இருக்கிறதே" என்றாள் நாச்சம்மை.

"உட்காரும்" என்றார் ராஜா, கண்ணைத் திறக்காமலே.

ராஜ உத்தரவை மீற முடியுமா? திவானும் அமிழ்ந்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பசி என்று வந்தால் ராஜாவை எந்த யானையும் பிடித்துவைக்க முடியாது. புரண்டு, மண்டியிட்டு, இரண்டு காவலர் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். சபையே எழுந்து நின்றது. திவானிடமிருந்து மட்டும் சீராக ஒரு குறட்டை வந்தது.

ராஜா அவரைப் பார்த்தார். நாச்சம்மையைப் பார்த்தார்.

"இப்போது நின்றுகொண்டுதானே இருக்கிறேன். தீர்ப்பைச் சொல்லிவிடட்டுமா?"

"தாராளமாகச் சொல்லுங்கள், மகாராஜா. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். வழக்குத் தொடுத்தவர் தூங்குகிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. திவான் புரண்டுகூடப் படுக்கவில்லை. சிம்மாசனத்துக்கும் பஞ்சு வைக்கும் வேலை அன்றே நாச்சம்மைக்குக் கிடைத்தது. தீர்ப்பை உட்கார்ந்தபடியே சொல்லலாம் என்று சட்டமும் மாறியது.