கருங்கழுகுக்கு எத்தனை தலை?

பிரஷ்ய அரசவையில் கருங்கழுகு விருதுக்கு மேல் ஒரு விருது கிடையாது. வெள்ளி நட்சத்திரம், நடுவில் ஒற்றைத் தலையோடு ஒரு கறுப்புக் கழுகு, அதைச் சுற்றி ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்று லத்தீனில் ஒரு வாசகம். அதைப் புதிதாகப் பெற்ற கிராலிட்ஸ் பிரபுவுக்கு லத்தீன் தெரியாது. தெரிந்தவர்போல் தலையாட்டத் தெரியும்.

அவருடைய அங்கியில் அந்த நட்சத்திரத்தைப் பூவேலையாகத் தைத்துக்கொண்டிருந்தாள் அரண்மனைத் தையற்காரி டோரதி. பிரபு வந்து சீறினார்.

“மன்னருக்கு இடப்பக்கம் நின்றால் இந்தக் கழுகு அவரைப் பார்க்கிறது. வலப்பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது! நான் எங்கே நின்றாலும் இது மன்னரையே பார்க்க வேண்டும். நாளைக் காலைக்குள் முடியாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை.”

அந்த ஊசியை விட்டால் டோரதிக்கு வேறு பிழைப்பில்லை.

“அதற்கென்ன பிரபுவே, இரண்டு தலை வைத்துவிடுகிறேன். உத்தரவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.”

பிரபு பூரித்துப்போய்ப் பெரிதாகக் கையெழுத்திட்டார். டோரதி தாளை வாங்கிப் பத்திரமாக மடித்தாள்.

“வாசகத்தைப் படித்திருப்பீர்களே, அவரவர்க்கு உரியது அவரவர்க்கு. ஒற்றைத் தலைக் கழுகு நம் மன்னருக்கு உரியது. இரட்டைத் தலைக் கழுகு நம் மன்னருக்குப் போட்டியாக வியன்னாவில் இருக்கும் பேரரசருக்கு உரியது. நாளை அதை நெஞ்சில் சுமந்துகொண்டு நம் மன்னர் முன்னால் நிற்பீர்கள்.”

பிரபுவின் முகம் வெளுத்தது. “கிழித்துப் போடு, அம்மா! இந்த வேலை உனக்கு ஆயுளுக்கும் உண்டு. ஒரு தலையே போதும்!” என்று கழுத்தைத் தடவிக்கொண்டார்.

டோரதி நிம்மதியாக மூச்சு விட்டுத் தாளைக் கிழித்தாள்.

“கழுகுக்குத்தானே, பிரபுவே?”