குழிக்கல்லில் வற்றாத தண்ணீர்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள்! கடல் தாண்டி, பச்சைக் குன்றுகள் நிறைந்த அயர்லாந்து தேசத்தில், ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலத்தில், எத்னா என்றொரு கைம்பெண் இருந்தாள். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு பசுவும், நெஸ்ஸா என்ற மகளும்தான். மகளுக்கோ கண்நோய்.

குன்றின் மேல் ஒரு குழிக்கல் இருந்தது. யார் குடைந்தார்களோ, உரல் போல ஒரு குழி. குழியில் மழைத்தண்ணீர், தண்ணீருக்குள் ஓர் உருண்டைக் கல். அந்தத் தண்ணீரில் கழுவினால் கண்நோய் தீரும் என்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி உருண்டைக் கல்லை வலப்பக்கம் சுற்றினால் வாழ்த்து. மூன்று நாள் காலையில் இடப்பக்கம் சுற்றினால் சாபம். நியாயமில்லாத சாபம் சுற்றியவர் வீட்டுக்கே திரும்பிவிடும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடை வற்றியது, ஊற்று வற்றியது, குழிக்கல் மட்டும் வற்றவில்லை. எத்னா தினமும் காலையில் தண்ணீர் மொண்டு வந்து மகளின் கண்ணைக் கழுவினாள். நெஸ்ஸாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது.

அப்போது பார்த்துப் பசு காணாமல் போயிற்று. எத்னா தேடாத இடமில்லை. பக்கத்து வீட்டு லோர்கனோ தினமும் விடியற்காலையில் மூடிய மரவாளியோடு குன்றிலிருந்து இறங்கி வந்தான். சட்டைக்கை நனைந்திருக்கும். கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். எத்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் மாட்டை மேல ஒளிச்சு வச்சுப் பால் கறக்கிறான், பாவி!"

முதல் நாள் அவன் பெயரைச் சொல்லி இடப்பக்கம் சுற்றினாள். இரண்டாம் நாளும் சுற்றினாள். மூன்றாம் நாள் கோபம் தாங்காமல், வழக்கத்துக்கு முன்னதாகவே குன்றேறினாள்.

அங்கே லோர்கன் நின்றான். வாளியிலிருந்து குழிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே இது?"

அவன் திருதிருவென்று விழித்தான். "இந்தக் குழி வத்தி ஒரு மாசமாச்சு தங்கச்சி. அந்தப் பக்கத்து ஏரியிலேருந்து மொண்டு வர்றேன். வத்திப்போச்சுன்னு தெரிஞ்சா நீ மனசு விட்டுடுவே, அதான் சொல்லல. போற வழியெல்லாம் உன் மாட்டையும் தேடினேன், கிடைக்கல."

இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் அந்தச் சாபம் யார் கண்ணில் போய் விழுந்திருக்கும்?

"அண்ணே, உன் பேரைச் சொல்லி ரெண்டு நாள் இடப்பக்கம் சுத்திட்டேன். என்னை மன்னிச்சிடு" என்று விம்மினாள்.

லோர்கன் சிரித்துவிட்டான். "அப்போ மூணு தடவை வலப்பக்கம் சுத்தேன். எனக்கு ஒண்ணு கூடுதலாக் கிடைக்கும்."

சுற்றினாள். பசு கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் நெஸ்ஸாவின் கண் நன்றாகத் திறந்தது. மழை வந்து குழி தானாகவே நிரம்பிய பிறகும், எத்னா உயிருள்ளவரை தினமும் குன்றேறி, லோர்கனின் பெயரைச் சொல்லி வலப்பக்கம் சுற்றி வந்தாள்.

ஆகவே, நமக்குத் தெரியாமலே நமக்கு நன்மை செய்கிறவர்கள் இருப்பதால், தீர விசாரிக்காமல் யாரையும் சபிக்கக் கூடாது.