இடது சீட்டு

சேனாபதிக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சிங்காநல்லூரில் பழைய கார்களுக்குச் சக்கரம் பூட்டும் எஸ்தர் மேஸ்திரிதான் அந்தக் குரு. கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்திய மனிதர், ஓய்வு பெற்றபின் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ள எஸ்தரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

அவரிடம் சிவப்பு நிறத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே சீட்டு. மனைவி வசுமதி இறந்த பிறகு இரண்டு வருடம் அது ஷெட்டைவிட்டு நகரவில்லை. நின்றபடியே டயர்கள் வெடிப்பு விட்டிருந்தன. அவரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். பொள்ளாச்சியிலிருந்து வசுமதியின் தம்பி ஈஸ்வரமூர்த்தி ஞாயிறு தவறாமல் போன் செய்வான். இவர் எடுப்பதில்லை. அவன் பேச்சில் அக்காவின் இழுவை அப்படியே இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஆறு மாதம் ஆகிறது. என்ன சக்கரம், என்ன டயர் என்பது மட்டும் முடிவாகவில்லை. பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம் அவர் எஸ்தரிடம் வந்து நின்றார்.

"முடிவு பண்ணிட்டனுங்க மேஸ்திரி. பழைய கம்பிச் சக்கரம் வேண்டாம். அலாய் வீல், அகல டயர். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். பின்னாடி மாதிரிக்கு மாட்டியே பாத்துட்டன். மட்காடுக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல் எடம் இருக்குது. போட்டுக்கலாமுங்களா?"

அந்தப் பட்டறையில் அளவெடுக்கும்போது ஆளுக்குப் பதிலாகச் சீட்டில் மணல் மூட்டை வைப்பார்கள். எஸ்தர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் பக்கம் ஒரு மூட்டை இருந்தது. இடது சீட்டு காலியாக இருந்தது.

எஸ்தர் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்தது. முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

"தள்ளுங்க சார்."

சேனாபதி தள்ளினார். இடது பின்சக்கரம் மட்காடில் கர்ரென்று உரசியது.

"ஒரு மூட்டைதான் வெச்சீங்களா?"

"நான் மட்டும்தானுங்களே போறன்."

சொன்ன பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது.

எஸ்தர் இறங்கி ஸ்பேனரை நீட்டினார்.

"அப்ப இந்தச் சீட்டக் கழட்டிருங்க. பின்னாடி ரெண்டு போல்ட்டு, முன்னாடி ரெண்டு. அப்புறம் எந்த டயர் போட்டாலும் உரசாது."

நியாயமான பேச்சு. சேனாபதி மண்டியிட்டார். பின்பக்கத்து இரண்டு போல்ட்டும் சுலபமாகக் கழன்றன. முன்பக்கத்துப் போல்ட்டுகள் தெரிய வேண்டுமானால் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும்.

வசுமதி குள்ளம். ஏறியதும் முதல் வேலையாகச் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வாள். கடைசியாக இழுத்துவிட்ட இடத்திலேயே அது இருந்தது.

அவர் கை சீட்டைத் தள்ளும் கம்பியில் நின்றது. வெகுநேரம் நின்றது. எஸ்தர் இரண்டு கார்களுக்கு வீல் மாட்டி முடித்துவிட்டு வந்து பார்த்தபோதும், கழற்றிய இரண்டு போல்ட்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சக்கரமுங்க சார் போடறது?"

"கம்பிச் சக்கரமே போடுங்க. பழைய அளவு டயரே இருக்கட்டும்."

"சரிங்க. மாட்டிட்டு மறுபடி அளக்கோணும். ரெண்டு சீட்டுலயும் கனம் வெச்சு."

"இன்னொரு மூட்டையத் தூக்கிட்டு வர்றன்."

"மூட்டை மத்த வண்டிக்குங்க. இதுக்கு ஆள் வேணும். யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

சேனாபதி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார். பிறகு, எழுந்திருக்காமலேயே கேட்டார்.

"ஆளு எவ்வளவு கனம் இருக்கலாமுங்க?"

"ஏனுங்க?"

"பொள்ளாச்சியில என் மச்சினன் இருக்கறான். நல்ல பருமன். அவன் உக்காந்தா கம்பிச் சக்கரமே உரசினாலும் உரசும்."

எஸ்தர் ஸ்டியரிங் பக்கத்து மூட்டையை இறக்கி மூலைக்கு இழுத்துப் போட்டார்.

"உரசட்டுங்க சார். அப்பத்தான் எத்தனை எடம் வுடோணும்னு தெரியும்."