கடல் பக்கத்து ஜன்னல்

“வாங்கினே இல்லே? கையை நீட்டி வாங்கினே இல்லே?”

அவன் விரலை மேலே நீட்டினான்.

“நான் ஏலக்காரன். மீசை முளைச்ச நாள்லேருந்து கரையில மீன் ஏலம் போடுதேன். எவனுக்கும் முன்பணம் கொடுத்தது கிடையாது. மீன் தட்டுல விழணும், அப்புறம்தான் காசு. உனக்கு ஒருத்திக்குத்தான் முன்னாடியே கொடுத்தேன். வெள்ளியில வள்ளம் செஞ்சு உன் காலடியில வச்சேன். வாங்கிக்கிட்டே. சரக்கு எங்கே?”

கோயில் காலியாக இருந்தது. மத்தியானப் பூசை முடிந்து ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நட்ட நடுவில் நின்று அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தான் வஸ்தியான்.

மேலே குவிமாடம். அதன் உட்புறத்தில், வரைந்த படமாக, நீலப் போர்வையோடு மாதா நின்றாள். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் அவள் நம்மையே பார்ப்பாள் என்று ஊரில் சொல்வார்கள்.

குவிமாடம் அவன் கத்தலை வாங்கி, உருட்டி, நொறுக்கி, சந்தை இரைச்சலாக்கி அவன் தலையிலேயே கொட்டியது.

“பாத்தியா! பதிலும் என் சரக்குதான்!”

மேலே போகும் சின்னக் கதவு திறந்தது. உபதேசியார் சந்தியாகு வெளியே வந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். வெளியூர்க்காரர்கள் வந்தால் விளக்கைப் பிடித்துக் குவிமாடத்துக்குள் ஏற்றிக் காட்டி இறக்குபவரும் அவர்தான். வயதில் வஸ்தியானைவிட இளையவர்.

அவரிடம் பாடம் கேட்கப் பலபேர் வருவார்கள். வஸ்தியான் சண்டைக்கு வந்திருந்தான்.

“ஓய், உபதேசியாரே. என்னை மேல கூட்டிட்டுப் போம்.”

“எதுக்கு அண்ணே?”

“கீழ நின்னு கேட்டா அவளுக்குக் காது கேக்கலை. பக்கத்துல போயி, கண்ணுக்கு நேரா நின்னு கேக்கணும்.”

“என்னன்னு?”

“மகன் எங்கேன்னு.”

உபதேசியார் அவன் காலைப் பார்த்தார்.

“செருப்பையும் சத்தத்தையும் கீழ வச்சிட்டுத்தான் ஏறணும்.”

வஸ்தியான் செருப்பைக் கழற்றினான்.

“சத்தம்?”

“பாதி வச்சிடுதேன்.”

“முழுசும்.”

“முக்கால்.”

உபதேசியார் சிரித்துவிட்டார். விளக்கை எடுத்தார்.

*

வாசல் பக்கம் தூணோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அமலி. வஸ்தியானின் மகன் மனைவி. அவனோடுதான் வந்திருந்தாள், அவன் கத்தும்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுந்து வந்தாள்.

“மாமா. அப்படியே உபதேசியார்கிட்ட பேரைச் சொல்லிருங்க.”

“என்ன பேரை?”

“அவுக பேரை.”

கடலில் போய்த் திரும்பாதவனுக்கு உடம்பு இல்லை, குழி இல்லை. தகப்பன் கோயிலுக்கு வந்து பேரைச் சொன்னால் துக்கமணி அடிக்கும். மணி அடித்தால்தான் பூசை. அந்த ஊரில் அதுதான் வழக்கம். வேறு யார் சொன்னாலும் மணி அடிக்காது.

“சொன்னா செத்துருவான்” என்றான் வஸ்தியான்.

“சொல்லாம இருந்தா?”

அவன் கழற்றிய செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

“ரெண்டு மழைக்காலம் போயிட்டு மாமா. தெனமும் கரையில நிக்கேன். நேத்து பக்கத்து வீட்டுப் பிள்ளை கேக்குது, அத்தை நீ யாருன்னு. முகம் கறுத்துப்போச்சாம். கன்னத்துத் தோலு உரியுது. நான் எவ்வளவு நாள் நிக்கணும்னு யாராவது சொன்னா அவ்வளவு நாளும் நிப்பேன். யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே.”

“நான் மேல போயி கேட்டுட்டு வாரேன்.”

“யாருகிட்ட?”

அவன் விரலை மேலே காட்டினான்.

அமலி தூணோரம் போய் மறுபடி உட்கார்ந்தாள்.

*

அந்தக் குவிமாடத்துக்கு இரண்டு ஓடு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இடம். அதற்குள்தான் படி.

உபதேசியார் விளக்கோடு முன்னால் ஏறினார். வஸ்தியான் பின்னால் ஏறினான்.

பாதி வழியில் சுவரில் ஒரு திறப்பு. அதில் மணி தொங்கியது. கயிறு தேய்ந்து கறுத்திருந்தது.

“இதுதானா அது?”

“இதுதான்.”

“துக்கமணி?”

“துக்கத்துக்கும் இதுதான். மூடாப்பு போட்டு, கரை தெரியாம வள்ளங்க தவிக்கும் பாருங்க, அன்னைக்கும் இதைத்தான் அடிப்போம்.”

வஸ்தியான் மணியைத் தொடாமல் உடம்பை ஒதுக்கிக்கொண்டு கடந்தான்.

அதற்கு மேலே இருட்டு. வெளி ஓட்டைத் தாங்க வளைந்த மரங்கள் வரிசையாக நின்றன. ஊர்க்காரர்கள் குவிமாடத்தைக் கவுத்த வள்ளம் என்பார்கள். ஏன் என்று ஏறினவனுக்குத்தான் தெரியும்.

வஸ்தியான் ஒரு மரத்தில் கையை வைத்தான். தடவினான். நின்றுவிட்டான்.

“என்ன அண்ணே?”

“வள்ளத்து மரம்தான்வே இது. வளைவு அப்படியே இருக்கு.”

“ஆமா.”

“கவுந்தா உள்ள இப்படித்தான் இருக்குமா?”

உபதேசியார் விளக்கைத் தாழ்த்தினார்.

“கேக்குதேன்லா. இப்படித்தான் இருட்டா இருந்திருக்குமா? அவனுக்குச் சின்னதுலேருந்து இருட்டு ஆகாது. விளக்கை அணைச்சா எம் மேல வந்து ஒட்டிக்கிடுவான். தூரப் போடான்னு தள்ளி விடுவேன்.”

கீழே எங்கோ ஒரு புறா இறக்கையை அடித்தது.

“உள்ள கொஞ்சம் காத்து இருக்கும் அண்ணே” என்றார் உபதேசியார்.

“எவ்வளவு நேரத்துக்கு?”

உபதேசியார் திரும்பி ஏறத் தொடங்கினார்.

வஸ்தியான் கொஞ்ச நேரம் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு ஏறினான். முக்கால் சத்தத்துக்குப் பேரம் பேசியவன் மிச்சக் கால் சத்தத்தையும் அங்கேயே விட்டுவிட்டான்.

*

படி முடிந்த இடத்தில் சின்ன வாசல். குனிந்து வெளியே வந்தால் உள் ஓட்டைச் சுற்றி ஒரு நடைபாதை. இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவர். எட்டிப் பார்த்தால் கோயில் முழுக்கக் கீழே.

வஸ்தியான் கீழே பார்க்கவில்லை. நேரே அவள் முன்னால் போய் நின்றான்.

ஐந்தாறு ஆள் உயரம் இருந்தாள். கீழே இருந்து பட்டு மாதிரித் தெரிந்த போர்வை இங்கே வெறும் நீலப் பூச்சு. விரல்கள் துடுப்பளவு தடிமன்.

“இப்போ சொல்லு” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

இடப்பக்கம் நகர்ந்தான். பார்க்கவில்லை. வலப்பக்கம் போனான். எக்கி நின்றான். அவள் பார்வை அவன் தலைக்கு மேலே போனது.

“என்னவே இது? கீழ நின்னா மூலை முடுக்கெல்லாம் பாக்குதா. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறி வந்திருக்கேன், மூஞ்சியைக் கூடப் பாக்க மாட்டேங்குதா.”

“கீழ இருந்து பாத்தா எல்லாரையும் பாக்கிற மாதிரித்தான் இருக்கும்.”

“அப்போ நிசமா யாரைப் பாக்குதா?”

உபதேசியார் விளக்கைக் கீழே வைத்தார். வஸ்தியானின் இரண்டு தோளையும் பிடித்தார். அவள் பக்கம் முதுகு இருக்கும்படி அவனைத் திருப்பி நிறுத்தினார்.

எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல்.

விளிம்புக்குப் பின்னால் ஒடுங்கி இருந்தது. கீழே இருந்து பார்க்கிற எவனுக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. கதவு இல்லை, கண்ணாடி இல்லை.

அதில் கடல்.

கடல் மட்டும்தான். கரை தெரியவில்லை, கூரை தெரியவில்லை. வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பாய்கூட இல்லை.

வஸ்தியான் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி அவளைப் பார்த்தான். மறுபடி கடலைப் பார்த்தான்.

“கன்னத்துல என்ன?”

ஒரு கன்னத்தில் வர்ணமே இல்லை. பொருக்குப் பொருக்காக உரிந்து சுண்ணாம்பு தெரிந்தது. அவன் கைக்கு எட்டிய இடத்தில் சுவரைத் தேய்த்தான். விரலை நாக்கில் வைத்தான்.

உப்பு.

“ஜன்னல் வழியா அடிக்கிற காத்து” என்றார் உபதேசியார். “படம் கெட்டுப்போகுது, அடைச்சிருங்கன்னு பெரியவங்க எல்லாம் சொன்னாங்க. தேக்குல கதவே செஞ்சு வந்துட்டு. மாட்டுறதுக்கு ஒரு ஆசாரி ஏறி வந்தாரு.”

“சரி.”

“கதவைத் தூக்கிப் பிடிச்சுப் பொருத்தப் போனவரு, என்ன தோணுச்சோ, திரும்பி அவ முகத்தைப் பாத்தாரு.”

“பெறகு?”

“கதவைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு.”

வஸ்தியான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். முதல் தடவை அப்போதுதான் பார்த்தான். தூணோரம் அமலி, கையளவு இருந்தாள். பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்த்து. வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

பேரைச் சொல்லச் சொன்னவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

“உபதேசியாரே.”

“சொல்லுங்க அண்ணே.”

“அருளப்பன்.”

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார்.

“எம் மகன் பேரு. சொல்லிட்டேன். போயி மணியை அடியும்.”

“எந்த மணி அண்ணே? துக்கத்துக்கா, மூடாப்புக்கா?”

வஸ்தியானுக்குப் பழைய கோபம் ஒரு கணம் தலைதூக்கியது. அப்படியே அடங்கியது.

“ரெண்டுக்கும் கயிறு ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்போ அடியும். கீழ இருக்கவ துக்கமணின்னு கேட்டு, வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கட்டும். அவ நின்னது போதும். மிச்சத்துக்கு நான் நிக்கேன்.”

உபதேசியார் விளக்கை எடுக்கவில்லை. இருட்டிலேயே இறங்கிப் போனார்.

வஸ்தியான் அவள் பக்கத்தில் போனான். இந்தத் தடவை எதிரே நிற்கவில்லை. நீலப் போர்வையின் ஓரமாக, சுவரில் முதுகைச் சாய்த்து, அவள் பார்த்த பக்கமே பார்த்து நின்றான்.

மணி அடித்தது.

ஓசை ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போயிற்று. கீழே அமலி எழுந்து நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, அழுதுகொண்டே வாசலைத் தாண்டி, கரைக்குப் போகும் பாதையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

மணி மறுபடி அடித்தது.

வஸ்தியான் வாயைத் திறந்தான். பக்கத்தில் நிற்பவளிடம் பேசுகிற அளவுக்குத்தான் பேசினான். குவிமாடம் அதை நொறுக்கவில்லை.

“வெள்ளி வள்ளத்தை நீயே வச்சிக்கோ. கணக்கு கேக்கலை. நீ பாக்குதே, சரி, நானும் பாக்குதேன். ஆனா நீ என்னைவிட உசரத்துல நிக்கே. உனக்குத்தான் மொதல்ல தெரியும். தெரிஞ்சதும் சும்மா நின்னுக்கிட்டு இருக்காதே. இருட்டு ஆகாது அவனுக்கு. இறங்கிப் போ. கையைப் பிடிச்சுக் கொண்டா.”